காலுக்கு ஏற்ற கிக் பெடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் லிங்கராஜபுரம், அல்சூர், காக்ஸ் டவுன் பக்கம் சர்ச்சில் வாசிக்கிற தம்பிகள், வார இறுதியில் ஜாம் ரூம் எடுத்து மெட்டல் வாசிக்கிறவர்கள், பிள்ளைக்கு முதல் டிரம் செட் வாங்கிக் கொடுத்த பெற்றோர், இப்படி யார் பேஸ் டிரம் பெடலை, அதாவது பெரிய டிரம்மைக் காலால் மிதித்து அடிக்கும் கிக் பெடலைப் பற்றிப் பேச்செடுத்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெடல் சரியில்லை என்றதும் எல்லாரும் முதலில் கை வைப்பது ஸ்பிரிங்கில். அது கடைசியாகத் தொட வேண்டியது. உட்காரும் உயரம், டிரம் நிற்கும் விதம், பெடல் பிடித்திருக்கும் இடம், டிரம்மை அடிக்கும் சுத்தியான பீட்டரின் உயரம், அதன் கோணம், இவ்வளவும் சரியான பிறகு மிச்சம் இருக்கிற குறையைத்தான் ஸ்பிரிங்கால் தீர்க்க முடியும்.

பெடல் ரொம்ப கனமாக இருக்கிறது. ஸ்பிரிங்கை லூஸ் பண்ணினால் போதுமா?

பெரும்பாலும் போதாது. கனம் என்று நாம் சொல்வது நாலைந்து விஷயங்களின் கூட்டுத்தொகை. பீட்டர் கம்பியை ரொம்ப உயரமாக வைத்திருந்தால் கனமாக இருக்கும், பீட்டரை ரொம்பப் பின்னால் சாய்த்திருந்தால் ஒவ்வொரு அடிக்கும் கால் அதிக தூரம் தள்ள வேண்டியிருக்கும், ஸ்டூல் தாழ்வாக இருந்தால் தொடை மேலே எழுவதற்கே பாதி பலம் போய்விடும், பேரிங் காய்ந்து போயிருந்தால் ஸ்பிரிங் எப்படி இருந்தாலும் இழுவையாகத்தான் இருக்கும். இவற்றைப் பார்க்காமல் ஸ்பிரிங்கை மட்டும் தளர்த்தினால் பீட்டர் திரும்பி வருவதும் மெதுவாகிவிடும். அடுத்த அடிக்குக் கால் தயார், பீட்டர் தயாராக இல்லை. அப்போது பெடல் இன்னும் கனமாகத் தெரியும்.

பேரிங்கைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பெடலை டிரம்மிலிருந்து கழற்றித் தரையில் வைத்து, ஃபுட்போர்டில் (பாதம் மிதிக்கும் பலகை) கால் வைக்காமல், பீட்டரைக் கையால் முன்னே இழுத்து விடுங்கள். அது முன்னும் பின்னுமாகக் கொஞ்ச நேரம் தாராளமாக ஆடிவிட்டு மெதுவாக நிற்க வேண்டும். இரண்டு மூன்று ஆட்டத்திலேயே நின்றுவிட்டால் எங்கோ உராய்வு இருக்கிறது. முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

அப்படியானால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஸ்டூலிலிருந்து. டிரம் எதையும் பார்க்காமல் வெறும் ஸ்டூலில் உட்காருங்கள். தொடை தரைக்குச் சமமாகவோ முழங்கால் பக்கம் லேசாகத் தாழ்ந்தோ இருக்க வேண்டும். முழங்கால் இடுப்பை விட மேலே போனால் கிக் வாசிப்பது சீக்கிரம் அலுத்துவிடும், முதுகும் வலிக்கும். இப்போது வலது காலை இயல்பாகக் கீழே வையுங்கள். பாதம் நேராக முன்னால் இருக்காது, பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். பெடல் வர வேண்டிய இடம் அதுதான், அந்தக் கோணத்தில்தான். முதலில் பெடல், பெடலுக்கு நேராக பேஸ் டிரம், அப்புறம் ஸ்னேர், அதன்பின் மற்றதெல்லாம். நிறைய பேர் மேடை விளிம்புக்கு நேராக பேஸ் டிரம்மை வைத்துவிட்டு, அதற்குத் தகுந்தபடி காலைத் திருகி உட்காருகிறார்கள். கணுக்கால் திருகிக்கொண்டு இருக்கும்போது எந்த அட்ஜஸ்ட்மென்டும் உதவாது.

முழங்காலுக்கு நேர் கீழே, அல்லது அதற்குக் கொஞ்சம் முன்னால் கணுக்கால் இருந்தால் நல்லது. ரொம்ப நெருங்கி உட்கார்ந்தால் குதிகாலைத் தூக்கியே வைத்திருக்க வேண்டிவரும்.

பெடலை ஹூப்பில் எங்கே பிடிக்க வைப்பது? எவ்வளவு இறுக்கமாக?

ஹூப்பின் (டிரம் விளிம்பில் இருக்கும் வளையம்) அடிப்பாகத்தில், சரியாக நடுவில். பெடல் அசையாத அளவுக்கு இறுக்கம் போதும், அதற்கு மேல் இறுக்கினால் மர ஹூப் நசுங்கும். ஜாம் ரூம் டிரம்களில் ஹூப்பின் அந்த ஒரு இடம் மட்டும் சுரண்டிப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சின்ன ரப்பர் துண்டு, அதுவும் இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு பட்டை, நடுவே வைத்தால் ஹூப்பும் பிழைக்கும், பிடியும் நன்றாக இருக்கும்.

பிடித்த பிறகு குனிந்து பாருங்கள், இதை யாரும் பார்ப்பதில்லை. பெடலின் அடித்தகடு முழுவதும் தரையில் படிந்திருக்கிறதா? குதிகால் பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால், பேஸ் டிரம்மின் முன்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது என்று பொருள். டிரம்மின் இரண்டு பக்கமும் இருக்கும் ஸ்பர் கால்களைச் சரிசெய்து முன் ஹூப்பைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் போல உயர்த்துங்கள். அதற்காக மூன்று நான்கு அங்குலம் தூக்கிவிடவும் கூடாது. அப்படிச் செய்தால் நீங்கள் அடிக்கும் ஹெட் (டிரம்மின் தோல்) உங்கள் பக்கம் சாய்ந்துவிடும், பீட்டர் தன் வீச்சு முடிவதற்கு முன்பே ஹெட்டில் போய் இடிக்கும், தட்டையான முகம் உள்ள பீட்டராக இருந்தால் விளிம்பு மட்டும் குத்தும். ஹெட்டில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு விழுந்திருந்தால் இந்தக் கோளாறைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கெல்லாம் என்ன கருவி வேண்டும்?

டிரம் கீ ஒன்று. சில பெடல்களுக்கு ஆலன் கீ. ஒரு மார்க்கர் பேனா. எஸ்.பி. ரோட்டில் எந்த ஹார்டுவேர் கடையிலும் ஆலன் கீ செட் கிடைக்கும். டிரம் கீயை மட்டும் வண்டிச் சாவியோடு கோத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பீட்டர் கம்பி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

தொடக்கத்துக்கு, பீட்டரின் தலை ஹெட்டின் நடுவில் அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே பட வேண்டும். 22 அங்குல டிரம்மில் நடுப்புள்ளி ஹூப்பின் விளிம்பிலிருந்து 11 அங்குலத்தில் வரும், சாதாரண பெடல்கள் இதை மனதில் வைத்தே செய்யப்படுகின்றன. சரியாக நடுவில் அடித்தால் ஓசை கட்டையாக, குத்துப்போல வரும். நடுவிலிருந்து விலக விலக டிரம்மின் ரீங்காரம் கூடும். இரண்டில் எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.

ஆனால் இந்த உயரம் ஓசையை மட்டும் மாற்றுவதில்லை, காலில் தெரியும் கனத்தையும் மாற்றுகிறது. கம்பியை மேலே ஏற்றினால் பீட்டரின் எடை அச்சிலிருந்து தூரமாகப் போகிறது, வீச்சு பெரிதாகிறது, அடி பலமாக விழுகிறது, ஆனால் திரும்பி வர நேரம் எடுக்கிறது. கீழே இறக்கினால் பெடல் துள்ளலாகிவிடும், பலம் குறையும். அரை அங்குலம் மாற்றினாலே கால் கண்டுபிடித்துவிடும். வேகமாக வாசிக்க முடியவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கம்பியைக் கால் அங்குலம் இறக்கிவிட்டு ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள்.

கம்பியை இறக்கும்போது அதன் வால் அடியில் நீட்டிக்கொண்டு வரும். அது ஃபுட்போர்டிலோ உங்கள் கட்டைவிரலிலோ இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில பீட்டர்களில் கம்பியின் நடுவே நகர்த்தக்கூடிய ஒரு சின்ன எடைக்கட்டி இருக்கும். உயரத்தை மாற்றாமல் கனத்தை மட்டும் மாற்ற அது உதவும், மேலே நகர்த்தினால் கனம் கூடும்.

பீட்டரின் கோணம்? அதை மாற்றினால் ஃபுட்போர்டும் சேர்ந்து ஏறி இறங்குகிறதே.

கால் வைக்காத நிலையில் பீட்டர் ஹெட்டிலிருந்து ஏறக்குறைய 45 டிகிரி பின்னால் சாய்ந்திருந்தால் அது நடுநிலையான இடம். இன்னும் பின்னால் போனால் ஓட்டம் நீளும், சத்தம் கூடும், காலுக்கு வேலையும் கூடும். ஹெட்டுக்கு அருகில் வந்தால் சின்னச் சின்ன அசைவிலேயே அடி விழும், மெல்லிய பாடல்களுக்கும் வேகமான வாசிப்புக்கும் நல்லது, ஆனால் மைக் இல்லாத சின்ன ஹாலில் கிக் கேட்கவே கேட்காது.

ஃபுட்போர்டு சேர்ந்து நகர்வது உங்கள் பெடலின் அமைப்பு. விலை குறைந்த பெடல்களிலும் பழைய பெடல்களிலும் பீட்டரும் கேமும் (செயின் சுற்றி ஓடும் சக்கரம்) ஒரே திருகில் கட்டப்பட்டிருக்கும், ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். கொஞ்சம் நல்ல பெடல்களில் இரண்டுக்கும் தனித்தனித் திருகு உண்டு. ஒரே திருகு உள்ளவர்கள் வருத்தப்பட வேண்டாம், செயினின் கடைசிக் கண்ணியை ஒன்று மாற்றி மாட்டினால் ஃபுட்போர்டின் உயரம் மாறும், அந்த வழியாகப் பாதி தூரம் வந்துவிடலாம். ஃபுட்போர்டு செங்குத்தாக நின்றால் கணுக்கால் மேல்நோக்கி மடங்கியே இருக்கும், குதிகாலை ஊன்றி வாசிக்கிறவர்களுக்கு அது பெரிய தொல்லை.

சரி, இப்போது ஸ்பிரிங். எவ்வளவு இறுக்கம் சரியானது?

உங்கள் காலின் எடையைத் தாங்கும் அளவு. வாசிக்கும்போது பாதம் எந்த இடத்தில் இருக்குமோ அங்கே வைத்து, காலை முழுவதும் தளர்த்திவிடுங்கள். எந்த முயற்சியும் இல்லாமல் பீட்டர் போய் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தால் ஸ்பிரிங் உங்களுக்குத் தளர்வு. பீட்டர் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம். ஹெட்டை நோக்கிப் பாதிக்கு மேல் போய், அதைத் தொடாமலோ தொட்டும் தொடாமலோ நின்றால், அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அப்புறம் மெட்ரோனோமை (வேகம் காட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 100 தட்டில் வைத்து எட்டாம் பங்கு சுரங்களை இடைவிடாமல் இரண்டு நிமிடம் வாசியுங்கள். கெண்டைக்கால் சீக்கிரம் கடுத்தால் ஸ்பிரிங்கோடு சண்டை போடுகிறீர்கள், அரைச் சுற்று தளர்த்துங்கள். பீட்டர் காலுக்குப் பின்தங்கி வருவதுபோல, ஃபுட்போர்டு பாதத்தை விட்டு விலகுவதுபோல இருந்தால் அரைச் சுற்று இறுக்குங்கள். அரைச் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள், ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றவும் கூடாது, எது நல்லது செய்தது என்று தெரியாமல் போய்விடும். ஊஞ்சல் தனக்கென்று ஒரு வேகத்தில் வருவதுபோலப் பெடலும் தனக்கென்று ஒரு வேகத்தில் திரும்பி வரும். நீங்கள் அதிகம் வாசிக்கும் வேகத்துக்கு அருகில் அதைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் இந்த வேலை முழுவதும்.

கடைசியில் லாக் நட்டை இறுக்க மறக்காதீர்கள். ஸ்பிரிங் திருகில் பெரும்பாலும் இரண்டு நட் இருக்கும், ஒன்று இழுவையை வைக்கிறது, மற்றது அதைப் பூட்டுகிறது. "போன வாரம் நன்றாக இருந்தது, இப்போது மாறிவிட்டது" என்று சொல்கிறவர்களின் பெடலில் அந்த இரண்டாவது நட் தளர்ந்திருப்பது மிகச் சாதாரணம்.

குதிகாலை ஊன்றி வாசிப்பதா, தூக்கி வாசிப்பதா? அதற்கேற்ப அட்ஜஸ்ட்மென்ட் மாறுமா?

கட்டாயம் மாறும். ஹீல் டவுன் வாசிக்கும்போது ஃபுட்போர்டில் பாதத்தின் முன்பகுதி எடை மட்டுமே விழுகிறது, கணுக்கால்தான் வேலை செய்கிறது, ஆகவே கொஞ்சம் தளர்ந்த ஸ்பிரிங்கும் கொஞ்சம் அருகில் நிற்கும் பீட்டரும் வசதி. ஹீல் அப்பில் முழுக் காலின் எடையும் ஃபுட்போர்டில் உட்காருகிறது. அதை ஏந்தித் திருப்பி அனுப்ப இறுக்கமான ஸ்பிரிங் தேவை. இரண்டையும் கலந்து வாசிக்கிறவர்கள் நடுவில் வைத்துக்கொள்வார்கள். ஆராதனையில் மெதுவான பாடலை ஊன்றியும் துதிப் பாடலைத் தூக்கியும் வாசிக்கிற தம்பிகளுக்கு நான் சொல்வது, அதிக நேரம் எதில் வாசிக்கிறீர்களோ அதற்கு வையுங்கள், மற்றதை ஸ்டூலில் கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்து சமாளிக்கலாம்.

அடித்ததும் பீட்டரை ஹெட்டிலேயே அழுத்தி வைக்கலாமா?

வைக்கலாம், தப்பே இல்லை, ஓசை கட்டையாகவும் குறுக்கமாகவும் வரும். ராக், மெட்டல் வாசிக்கிறவர்கள் பலரும் அப்படித்தான். ஆனால் அழுத்தும்போது பீட்டர் டுர்ர்ரென்று இரண்டு மூன்று தடவை துள்ளினால், அழுத்தம் அரைகுறையாக இருக்கிறது அல்லது ஹெட் ரொம்ப இறுக்கமாக இருக்கிறது. ஹெட்டைக் கொஞ்சம் இறக்கினால் துள்ளல் அடங்கும். டிரம் தன் முழு ஓசையோடு பாட வேண்டும் என்றால் அடித்த உடனே பீட்டரை விட்டுவிடப் பழக வேண்டும். இரண்டும் தெரிந்திருப்பது நல்லது. இது பெடலில் வருவதில்லை, காலில் வருவது.

ஃபெல்ட், பிளாஸ்டிக், மரம், ரப்பர்: எது நல்ல பீட்டர்?

எங்கே வாசிக்கிறீர்கள் என்று சொன்னால் எதை மாட்டுவது என்று சொல்லலாம். கெட்டியான ஃபெல்ட் எல்லா இடத்துக்கும் பொருந்தும், அடி உருண்டு திரண்டு கேட்கும், ஹெட்டும் நீண்ட நாள் வரும். பிளாஸ்டிக்கும் மரமும் "டக்" என்ற நுனியைக் கொடுக்கும், இரண்டு கிட்டார் ஒன்றாக அலறும்போது கிக் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் அந்த நுனி தேவை. ஆனால் ஹெட்டில் அடி விழும் இடத்தில் பேட்ச் ஒட்டாமல் இவற்றைப் பயன்படுத்தாதீர்கள். ரெமோ, எவான்ஸ் இரண்டு கம்பெனியும் இதற்கென்றே பேட்ச் விற்கின்றன. ரப்பர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பஞ்சுபோன்ற பெரிய பீட்டர் ஜாஸுக்கும் அமைதியான வாசிப்புக்கும்.

ஒரு பக்கம் ஃபெல்ட், மறுபக்கம் பிளாஸ்டிக் என்று இரண்டு முகம் உள்ள பீட்டர்கள் நிறைய பெடலோடே வருகின்றன. முதல் பெடலுக்கு அதுவே போதும், தனியாகச் செலவு செய்ய வேண்டாம். திருப்பி மாட்டும்போது முகம் ஹெட்டில் தட்டையாகப் படிகிறதா என்று மட்டும் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள்.

எடையை மறந்துவிடாதீர்கள். ஃபெல்ட்டிலிருந்து மரத்துக்கு மாறிவிட்டு "பெடல் கெட்டுவிட்டது" என்பார்கள். பெடலுக்கு ஒன்றும் இல்லை, தலையின் எடை மாறியிருக்கிறது. பீட்டரை மாற்றினால் ஸ்பிரிங்கை மறுபடி பார்க்க வேண்டும்.

என் வீட்டில் நன்றாக இருக்கும் அதே பெடல் ஜாம் ரூமில் செத்துப்போன மாதிரி இருக்கிறது. ஏன்?

நல்ல கேள்வி, இதற்கு விடை பெடலில் இல்லவே இல்லை. பீட்டரைத் திருப்பி அனுப்புவதில் ஸ்பிரிங்குக்குப் பாதிப் பங்குதான், மீதி ஹெட்டும் டிரம்முக்குள் இருக்கிற காற்றும் செய்கிற வேலை. முன்பக்க ஹெட் ஓட்டையில்லாமல் மூடியிருந்தால் உள்ளே இருக்கும் காற்று பீட்டரை எதிர்த்துத் தள்ளும், காலில் நல்ல துள்ளல் தெரியும். மைக் வைக்க ஓட்டை போட்டிருந்தால் துள்ளல் கொஞ்சம் குறையும். முன் ஹெட்டையே கழற்றிவிட்டு உள்ளே கம்பளியும் தலையணையுமாகத் திணித்து, அது அடிக்கும் ஹெட்டோடு அழுத்திக்கொண்டும் இருந்தால், நீங்கள் சுவரை உதைப்பதுபோலத்தான் இருக்கும். அங்கே வாடகைக்கு நேரம் எடுத்தவுடன் முதல் வேலையாகத் தலையணையை ஹெட்டிலிருந்து லேசாக, தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நகர்த்திப் பாருங்கள். ஹெட்டின் திருகுகளில் சுருக்கம் போகிற அளவுக்கு ஒரு கால் சுற்று கொடுங்கள். பெடலைத் தொடாமலேயே பாதி உயிர் திரும்பிவிடும். அந்த டிரம்மை அடுத்து வாசிக்க வருகிறவருக்காக, முடித்தபின் இருந்தபடியே வைத்துவிட்டுப் போவது மரியாதை.

முடிந்தவரை உங்கள் பெடலை எடுத்துக்கொண்டு போங்கள். சிக்னலுக்கு சிக்னல் நிற்கும் பஸ்ஸில் சுமந்து போவது சிரமம்தான், ஆனால் பத்துப் பேர் உதைத்த பெடலில் உங்கள் காலைத் தேட வேண்டியதில்லை. உங்கள் அளவுகளை மார்க்கரால் பெடலிலேயே கோடு போட்டு வையுங்கள்: கம்பியில் ஒன்று, கேம் பக்கம் ஒன்று, ஸ்பிரிங் திருகில் ஒன்று. மொபைலில் பக்கவாட்டில் ஒரு போட்டோவும் இருக்கட்டும்.

செயின், பெல்ட், டைரக்ட் டிரைவ் என்கிறார்களே, கேம் வட்டமா முட்டை வடிவமா என்றும் கேட்கிறார்களே?

செயின் நம்பகமானது, எங்கும் கிடைக்கும், பழுதும் சுலபம். பெல்ட் இன்னும் இலகுவாகவும் சத்தமில்லாமலும் ஓடும். டைரக்ட் டிரைவில் ஃபுட்போர்டையும் அச்சையும் ஒரு கெட்டியான இணைப்பு கட்டுகிறது, தளர்வே கிடையாது, கால் செய்வதெல்லாம் அப்படியே பீட்டருக்குப் போகும், நல்லதும் கெட்டதும். வட்டமான கேம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இழுக்கும். மையம் விலகிய கேம் ஹெட்டை நெருங்க நெருங்க வேகம் எடுக்கும், பலமான அடி பிடிக்கும் ஆட்களுக்கு அது ருசிக்கும். டாமா கம்பெனியின் அயர்ன் கோப்ரா பெடலில் ரோலிங் கிளைடு என்பது வட்டம், பவர் கிளைடு என்பது மையம் விலகியது. பேர்ல் எலிமினேட்டரில் கேமையே கழற்றி மாற்றலாம். கடையில் வாங்கும் முன் இரண்டிலும் உட்கார்ந்து மெதுவான வேகத்திலும் வாசித்துப் பாருங்கள், வேகமாக உதைக்கும்போது எல்லாப் பெடலும் நல்லதாகத் தெரியும்.

வேகத்துக்காகப் பெடலை மாற்றியமைப்பது இன்றைக்கு வந்த ஆசை இல்லை. சிகாகோவில் வில்லியம் லுட்விக் என்ற டிரம்மர் 1909-ல் தன் தம்பியோடு சேர்ந்து பெடல் கம்பெனி ஆரம்பித்ததற்கே காரணம், அப்போதிருந்த பெடல்கள் ராக்டைம் பாட்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதுதான். வில்லியம் 1937-ல் கொண்டுவந்த ஸ்பீட் கிங் பெடலில் ஸ்பிரிங் வெளியே தொங்காது, இரண்டு தூண்களுக்குள்ளேயே இருக்கும்.

டபுள் பெடலில் இடது கால் மட்டும் இழுவையாக இருக்கிறது.

எல்லாருக்கும் அப்படித்தான், இடது கால் பலவீனம் ஒரு காரணம் என்றால், பெடலின் அமைப்பு இன்னொரு காரணம். இடது பெடலின் அசைவு ஒரு நீண்ட தண்டு வழியாக, இரண்டு மூட்டுகளைக் கடந்து பீட்டருக்குப் போகிறது. அந்தத் தண்டின் எடையும் மூட்டின் உராய்வும் கூடுதல் சுமை. ஆகவே இடது ஸ்பிரிங் வலதை விடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும். தண்டு முடிந்தவரை நேராக, தரைக்கு ஏறக்குறையச் சமமாக ஓடும்படி இடது பெடலை வையுங்கள். மூட்டு அதிகமாக மடங்கினால் வீச்சின் நடுவில் ஓர் இடறல் தெரியும். மூட்டின் திருகுகளையும் வாராவாரம் இறுக்கிப் பாருங்கள், அதில் ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தாலும் இடது கால் தாமதமாகக் கேட்கும். இரண்டு பீட்டரும் ஒரே உயரம், ஒரே கோணம், ஒரே வகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

டபுள் வாங்குவதற்கு முன் ஒன்று. 2007 மார்ச்சில் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழு வாசித்ததை இன்னமும் பெங்களூரில் பேசுகிறார்கள். அன்று வாசித்த டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் வாழ்நாள் முழுவதும் பேர்பெற்றது ஒற்றைப் பெடலில். வலது காலை முழுதாகப் பழக்கிய பிறகு இடதைச் சேருங்கள்.

பெடல் கிறீச்சிடுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும், பெங்களூர் டிசம்பரில் சமையலறை பாட்டிலிலேயே உறைந்து நிற்கிறதே, பேரிங்குக்குள் என்ன செய்யும் என்று யோசியுங்கள். தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, கூடினால் இரண்டு சொட்டு: அச்சின் இரண்டு முனையிலும், ஃபுட்போர்டின் கீலிலும், செயினிலும். பிறகு துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். துரு நீக்கும் ஸ்பிரே அடிப்பவர்கள் உண்டு, அது அழுக்கைக் கழுவும், ஆனால் உள்ளே இருக்கும் கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும், அப்புறம் எண்ணெய் விட்டே ஆக வேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லையென்றால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஃபுட்போர்டை அசையுங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கொக்கியில் கோளாறு, அங்கே இருக்கும் பிளாஸ்டிக் அல்லது ஃபெல்ட் வாஷர் தேய்ந்திருக்கும். நிற்கவில்லையென்றால் கீல் அல்லது அச்சு. ரெக்கார்டிங் செய்கிறவர்கள் இதை அலட்சியம் பண்ணக் கூடாது, மைக் பெடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. லெட் செப்பலின் ராக் குழுவின் டிரம்மர் ஜான் போனம் வைத்திருந்தது முன்பு சொன்ன அந்த ஸ்பீட் கிங்தான். 1970-ல் வந்த அவர்களின் மூன்றாவது ஆல்பத்தில் ஒரு மெதுவான பாடலில் அதன் கிறீச் சத்தம் இன்றைக்கும் கேட்கும்.

டிரம்மும் பெடலும் முன்னே நகர்ந்துகொண்டே போகின்றன.

டைல்ஸ், கிரானைட் தரையில் நகரத்தான் செய்யும். அடியில் ரப்பர் உள்ள கார்பெட் விரித்து, அதன் மேலேயே ஸ்டூலும் வரும்படி வையுங்கள், உங்கள் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பர் கால்களின் ரப்பரைத் திருகி உள்ளே தள்ளினால் கூர்முனை வெளியே வரும், கார்பெட்டில் குத்தி நிற்கும்.

செருப்பைக் கழற்றிவிட்டு வாசிக்க வேண்டிய இடத்தில் என்ன செய்வது?

நம் சபைகளில் பலவற்றில் வாசலிலேயே கழற்றிவிடுவோம், அது மாறாது. அதனால் வீட்டுப் பயிற்சியையும் வெறுங்காலிலேயே செய்யுங்கள். ஷூவின் எடையும் அதன் அடியின் தடிமனும் போய்விட்டால் ஸ்பிரிங் சட்டென்று இறுக்கமாகத் தெரியும், அரைச் சுற்று தளர்த்தினால் சரியாகிவிடும். வியர்வையில் வழுக்கினால் ஃபுட்போர்டில் ஒரு மெல்லிய கிரிப் டேப் துண்டு ஒட்டலாம். சறுக்கி இரட்டை அடி வாசிக்கிறவர்கள் ஒட்ட வேண்டாம், தோல் உரியும்.

என் பிள்ளைக்கு ஒன்பது வயது. பெடலை மிதிக்கவே திணறுகிறாள்.

ஸ்பிரிங்கை ஏறக்குறையக் கடைசி வரை தளர்த்துங்கள், கம்பியை இறக்குங்கள், பீட்டரை ஹெட்டுக்கு அருகில் கொண்டுவாருங்கள், லேசான ஃபெல்ட் பீட்டர் மாட்டுங்கள். ஸ்டூலைத் தாழ்த்தும்போது பாதம் முழுதாகத் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள், தொங்கும் காலால் யாராலும் வாசிக்க முடியாது. 16 அல்லது 18 அங்குல டிரம் என்றால் பீட்டர் நடுவுக்கு மேலே போய் அடிக்கும், டிரம்மை உயர்த்திப் பிடிக்கிற லிஃப்ட் ஒன்று கிடைக்கிறது, அதை மாட்டிவிட்டால் கம்பியை இயல்பான உயரத்தில் வைக்கலாம். வளர வளர இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் திரும்பப் பாருங்கள்.

அபார்ட்மெண்டில் எலக்ட்ரானிக் செட். கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டுகிறார்.

அவர் கேட்பது டிரம் ஓசையை இல்லை, உங்கள் கால் தரையை உதைக்கும் அதிர்வை. ஹெட்ஃபோன் அதற்கு ஒன்றும் செய்யாது. பெடலின் அடியில் வைக்க ரோலண்ட் நாய்ஸ் ஈட்டர் போன்ற பொருள்கள் விற்கின்றன. இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைக் குழிகளில் உட்கார வைத்துச் செய்த மேடையும் நன்றாக வேலை செய்யும், கைவேலை தெரிந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம். பெடலைப் பொறுத்தவரை பீட்டரை அருகில் வைத்து, சின்ன வீச்சில், ஹீல் டவுனில் வாசியுங்கள். மெஷ் என்கிற வலைத்துணி ஹெட்டில் ஃபெல்ட் பீட்டரின் பஞ்சு உதிர்ந்து ஒட்டும், எந்தப் பீட்டர் ஏற்றது என்று பேடோடு வந்த குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கீழே போய் அந்த அம்மாவிடம் எந்த நேரம் வாசித்தால் பரவாயில்லை என்று கேட்டுவிடுங்கள், அது எல்லாவற்றையும் விட நன்றாக வேலை செய்யும்.

பழைய பெடல் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

தாராளமாக. நல்ல கம்பெனியின் பழைய பெடல், பெயர் தெரியாத புதுப் பெடலை விட நீண்ட நாள் வரும். ஃபுட்போர்டைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள், கீலில் ஆட்டம் கூடாது. அச்சையும் அப்படியே. பீட்டர் கம்பியைப் பிடிக்கும் திருகை முழுதாக இறுக்கிப் பாருங்கள், மரை தேய்ந்திருந்தால் பாடலின் நடுவில் பீட்டர் பறந்து போகும். வார்ப்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், விரிசல் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஸ்பிரிங், செயின், பீட்டர் தேய்ந்திருந்தால் கவலையில்லை, மூன்றும் மாற்றக்கூடியவை.

நிகழ்ச்சி நடுவில் ஸ்பிரிங் அறுந்துவிட்டால்?

பெரும்பாலும் கொக்கியின் வளைவில்தான் அறும். டபுள் பெடல் என்றால் இடது பக்கத்து ஸ்பிரிங்கைக் கழற்றி வலதில் மாட்டி நிகழ்ச்சியை முடிக்கலாம். ஒற்றைப் பெடல் என்றால் ஹீல் அப்பில், ஒவ்வொரு அடிக்கும் காலை முழுதாக எடுத்துவிட்டு, ஒன்றாம் மூன்றாம் தட்டில் மட்டும் கிக் வைத்து மீதியை ஃப்ளோர் டாமுக்கு (தரையில் நிற்கும் பக்கத்து டிரம்) கொடுங்கள். ரப்பர் பேண்ட் கட்டுவது அந்தப் பாடல் முடியும்வரை கூட நிற்காது. மாற்று ஸ்பிரிங் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். உங்கள் பெடலின் ஸ்பிரிங் கடையில் கிடைக்கவில்லையென்றால் அறுந்ததைக் கையோடு எடுத்துக்கொண்டு எஸ்.பி. ரோட்டுக்குப் போய், நீளம், கம்பியின் தடிமன், கொக்கியின் அளவு மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள்.